கதையா, நெசமா

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நாங்கள் தின்றது மரவள்ளிக்கிழங்கு, படித்தது பொட்டலக் காகிதம். இரண்டிலும் ருசி கண்டுபிடித்துக்கொண்டோம், வேறு வழியில்லை.

பீடோங் பாசாரில் கடை வைத்திருந்த பாய் ஒருவர், சண்டை வந்ததும் ஊரைவிட்டு ஓடிப்போன யாரோ ஒருவருடைய புத்தகங்களை மூட்டையாக எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார். எல்லாம் தமிழ்ப் புத்தகங்கள். பாய் அவற்றைப் பக்கம் பக்கமாகக் கிழித்து உப்பும் கருவாடும் மடித்துக் கொடுப்பார். எங்கள் ரப்பர்த் தோட்டம் பீடோங்கிலிருந்து செமிலிங் போகிற வழியில் இருந்தது. யார் பாசாருக்குப் போனாலும் பொட்டலக் காகிதத்தைக் கசக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவள் நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒரு வருடம். வாய் மட்டும் அறுபது வயதுக்கு இருந்தது.

லயத்தில் தட்டாமல் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பலா மரத்தடியில் எல்லாரும் கிழங்கு உரிக்க உட்காருவோம். நான் ஒரு காகிதத்தை எடுத்து வாசிப்பேன். தலையும் இருக்காது, வாலும் இருக்காது, நடுவில் ஒரு பக்கம். கேட்டவர்கள் அது கதையா நெசமா என்று சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் செல்லாது, காரணம் சொல்ல வேண்டும்; யார் காரணம் எடுபட்டதோ அவர்கள் ஜெயித்தார்கள். தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் கிழங்கையும் சேர்த்து உரிக்க வேண்டும். இந்த ஒரு தண்டனைக்காகவே பெரிய பெரிய ஆட்களெல்லாம் மூளையைக் கசக்கினார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் தீர்ப்புச் சொல்வதில் அவரை அசைக்க முடியாது. ஒருமுறை கப்பல் பயணம் பற்றி இரண்டு பக்கங்கள் கிடைத்தன. ஒன்றில் கடல் நீலப் பட்டாக விரிந்திருந்தது, காற்று தாலாட்டியது, பயணி மெய்மறந்து நின்றான். மற்றதில் பயணி மூட்டைப்பூச்சியைத் திட்டினான், கஞ்சி புளித்துப்போனதைத் திட்டினான், பக்கத்தில் படுத்தவனின் குறட்டையைத் திட்டினான்.

"ரெண்டாவதுதான் நெசம்," என்றார் அக்கா. "நான் கப்பல்ல வந்தவ. கடல யார் பாத்தா? வாந்தி எடுக்கவே நேரம் பத்தல. போயிட்டு வந்தவன் கொற சொல்லுவான்லா. போகாதவன்தான் அழகா அளந்து விடுவான்."

அன்றிலிருந்து அது எங்கள் முதல் விதியானது. குறை இருந்தால் நெசம்.

சில வாரம் இந்த விதி ஜோராக ஓடியது. பிறகு ஒரு பக்கம் வந்து எங்களைக் கவிழ்த்தது. ஒரு விதவை, தோட்டின் திருகாணி தொலைந்துபோய், அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தேடுகிறாள். புகை கண்ணைக் கரிக்கிறது, முழங்கால் வலிக்கிறது, மருமகள் முணுமுணுக்கிறாள். குறைக்குக் குறைவே இல்லை. எல்லாரும் ஒரே குரலில் நெசம் என்றார்கள். என் கணவர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கதை," என்றார்.

அவர் அதிகம் பேசாத ஆள். பால்வெட்டில் கெட்டி, சைக்கிள் பழுது பார்ப்பதில் அதைவிடக் கெட்டி, சபையில் வாய் திறக்கச் சொன்னால் காது சிவந்துவிடும். அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தம்மா மனசுல செத்துப்போன புருசன நெனச்சாங்கன்னு எழுதியிருக்கில்ல? மருமக மனசுல என்ன நெனச்சான்னும் எழுதியிருக்கு. ரெண்டு பேரு மனசுக்குள்ளயும் எவன் போயிப் பாத்தான்? உண்டாக்குனவனுக்குத்தான் தெரியும்."

அக்கா வாயைப் பிளந்தார். அடுத்த வாரம் அதே புத்தகத்தின் வேறொரு பக்கம் வந்தது. அதில் அந்த விதவையே பேயாக வந்து மருமகளோடு சண்டை போட்டாள். கதையேதான்! லயமே உட்கார்ந்து என் கணவரின் கிழங்கை உரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது இரண்டாவது விதி. அடுத்தவன் மனசு தெரிந்ததுபோல் எழுதினால் கதை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் சயாம் பேச்சு வந்தது. அங்கே ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று, கணக்கெழுதும் கிராணியார் தோட்டத்து ஆபீஸில் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். இஷ்டப்பட்டவர்கள் திங்கட்கிழமை பெயர் கொடுக்கலாம். என் கணவரின் கூட்டாளிகள் போவதாகச் சொன்னார்கள். இவரும் அவர்கள் நடுவில் நின்று, "நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அப்போது நாலு மாதம். வயிற்றில் பிள்ளை, அடுப்பில் கிழங்கு.

"போகாதீங்க," என்றேன். அழுதேன். சட்டியைப் போட்டு உடைத்தேன், அதுவும் நல்ல சட்டி.

"சொன்னது சொன்னதுதான் புள்ள. மூணு மாசந்தானே," என்றார்.

சனிக்கிழமை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அந்தத் தாள் இருந்தது. கல்லில் உட்கார்ந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, கிராணியார் வாய்வழியாகச் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறார். யாரும் அந்தத் தாளை வரிவரியாகக் கேட்டதில்லை. சரி, நாளை கேட்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, உப்புக்கறை படிந்த காகிதங்களுக்கு நடுவில் அதையும் செருகி வைத்துக்கொண்டேன். முதலில் மாட்டு வைத்தியம் பற்றி ஒரு பக்கம் வாசித்தேன். மூன்றாம் நாள் மாடு தீனி எடுக்காது, ஐந்தாம் நாள் பிழைக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தது. எல்லாரும் நெசம் என்றார்கள். அடுத்து தாளை எடுத்தேன். சயாம், ரயில் என்ற சொற்களை மட்டும் விழுங்கிவிட்டேன். அங்கே அரிசி வேண்டிய மட்டும் கிடைக்கும், வீடு காற்றோட்டமாக இருக்கும், நோய் வந்தால் உடனே மருந்து, வேலை இலகு, எல்லாரும் மனமகிழ்ச்சியோடு பாடுபடுவார்கள், வீட்டை நினைத்து ஏங்க மாட்டார்கள். குனிந்தே வாசித்து முடித்தேன்.

அக்கா கிழங்குத் தோலைத் தூக்கி எறிந்தார். "யாருக்குக் காது குத்துறான்? ஒரு கொசு இல்ல, ஒரு மழ இல்ல! இன்னும் போகாத ஆளு ஏங்கமாட்டான்னு இவனுக்கு எப்பிடித் தெரியும்? கதை!"

ஒவ்வொருவராகக் கதை, கதை என்றார்கள். கடைசியில் என் கணவர் பாக்கி. கிழங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது சிவந்திருந்தது.

"கதை," என்றார்.

நான் தாளைத் திருப்பி, மேலே இருந்த ஜப்பான் சர்க்கார் முத்திரையை எல்லாருக்கும் காட்டினேன். அவருடைய கூட்டாளி ஒருவர், "அட, இது வேறங்க, இது கவர்மெண்டு தாளு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திங்கட்கிழமை என் கணவர் ஆபீஸுக்குப் போகவில்லை. மற்றவர்கள் லாரியில் ஏறினார்கள், பாட்டுப் பாடிக்கொண்டுதான் போனார்கள். அவர்களில் ஒருவர்தான் லயத்துக்குத் திரும்பி வந்தார். பிறகு ஜப்பான்காரர்கள் பலவந்தமாக ஆள் பிடிக்கவே வந்தபோது இவர் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார். எங்கள் மகள் கிழங்கு தின்றே கொழுகொழுவென்று வளர்ந்தாள்.

எட்டு வருடம் நான் இதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. சண்டை வந்தால் இதுதான் என் ஆயுதம். "என் கெட்டிக்காரத்தனம் இல்லைன்னா நீங்க இன்னிக்கு எங்கே இருப்பீங்க?" என்று ஒருநாள் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிராணியார் சொன்ன மாதிரியே நீ அரிசின்னு வாசிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு, அது என் பையில இருந்த தாளுன்னு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா கதைன்னு சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சு புள்ள. மொத நாள்ல இருந்தே பயம். அவனுங்க முன்னாடி எப்பிடிச் சொல்றது? ஆட்டத்துல சொன்னா, பயந்தவன்னு யாரும் சொல்லமாட்டாங்கல்ல."