வால்வுக்கு ஒரு கையெழுத்து

புளித்த நெல் தண்ணீரின் நாற்றம் தனி. திரிந்த பாலும் நனைந்த சாக்கும் ஒன்றாகப் படுத்துக்கிடந்த மாதிரி இருக்கும். நன்னிலம் பக்கம் பேருந்தில் போகும்போது ஏதாவது ஓர் அரிசி ஆலையிலிருந்து அது ஒரு கீற்று உள்ளே வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்குக் காது சுடுகிறது.

அப்படி ஓர் ஆலையில் சில வருஷம் நான் மேனேஜர். பிறந்தது பட்டுக்கோட்டைதான் என்றாலும், பாதி வயதைச் சென்னையில் அலுவலகம் அலுவலகமாக அலைந்து தீர்த்துவிட்டுத் திரும்பியவன். வந்து பார்த்தால் ஆலை கூச்சலில் ஓடிக்கொண்டிருந்தது. பாய்லர்காரர் கத்துவார், களத்துப் பெண்கள் பதிலுக்குக் கத்துவார்கள், லோடுமேன்கள் இரு தரப்புக்கும் சேர்த்துக் கத்துவார்கள். நெல் பாட்டுக்கு ஊறும், அவியும், காயும், அரிசியாகி லாரியேறும். எல்லாம் நடந்தது. யார் சொல்லி நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை. நான் சொல்லி இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஆகவே பன்னிரண்டு விதிகள் எழுதி, பலகையில் ஒட்டி, எல்லோரையும் கூட்டி வாசித்தேன். ஏழாவது விதி: மேலாளர் கையெழுத்து இல்லாமல் எந்த வால்வையும் திறக்கக் கூடாது.

ஊறல் தொட்டியைப் பார்த்துக்கொண்ட அக்கா கை தூக்கினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, ஊறியது போதும் என்றால் அவரே வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவார்.

"நீங்க சாப்பிடப் போயிருந்தீங்கன்னா சார்?"

"காத்திருங்க."

"வெளியூரு போயிருந்தா?"

"சொல்லிட்டுத்தான் போவேன்."

"ஆகட்டுங்க" என்றார். கூட்டம் முழுக்க "ஆகட்டுங்க சார்" என்றது. புல்லரித்தது எனக்கு. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. நீ சொன்னது காதில் விழுந்தது, இனி உன் பாடு என்று அர்த்தம். சென்னையில் அந்தக் காது எனக்கு மழுங்கிப்போயிருந்தது.

ஒரு வியாழக்கிழமை இரவு முதலாளி போனில் அழைத்தார். ஆட்களை எப்படி நடத்துவது என்று தஞ்சாவூரில் நாளைக்கு ஒருநாள் பயிற்சியாம், போய்விட்டு வாருங்கள் என்றார். விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தொட்டி நிறைய நெல் ஊறிக்கொண்டிருந்ததும் நினைவில் இல்லை. அடுத்த வாரம் சீர்காழி வியாபாரிக்குப் போகவேண்டிய சரக்கு அது.

பயிற்சிக் கூடத்தின் வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையில் எங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணைக் கட்டி, ஒருவரை ஒருவர் நம்பி நடக்கச் சொன்னார்கள். என்னை நடத்திச் சென்ற வங்கி அதிகாரி நேராக ஒரு நாற்காலியில் கொண்டுபோய் மோதினார். பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள், நீங்கள் இல்லாதபோதும் வேலை நடக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முழங்காலைத் தடவியபடி பலமாகக் கைதட்டினேன்.

சாயங்காலம் கூடையிலிருந்து போனை எடுத்தால் பதினேழு தவறிய அழைப்புகள். திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. ஆலை வாசலில் இறங்கியபோது நாற்றம்தான் முதலில் வந்து என்னை விசாரித்தது. உள்ளே, வால்வுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ரிஜிஸ்டர், மேலே பேனா.

"வந்துட்டீங்களா சார்? இந்தாங்க, கையெழுத்துப் போடுங்க. காலைல பத்து மணிக்கே ஊறிப்போச்சு."

"திறந்திருக்கலாமே அக்கா!"

"பலகையில இருக்கே."

"நான் தொறக்கறேன்னுதான் சார் சொன்னேன், அக்காதான் கைய தட்டிவுட்டுடுச்சு" என்றார் பாய்லர்காரர். "மொதலாளிக்கும் போன் போட்டோம். மேனேஜரக் கேளுன்னு வச்சிட்டாரு."

கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நாற்றத்தில் அவ்வளவு அழகாகக் கையெழுத்து விழுந்ததில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி மூக்கில் துண்டோடு வந்தார். நெல்லெல்லாம் வெடித்துப் புளித்துக் கிடந்தது.

"தொட்டி யாரு பொறுப்பு?"

அக்கா ஓரடி முன்னால் வந்தார்.

"மேனேஜர், இந்தம்மாவ இன்னையோட அனுப்பிருங்க."

ஆலை அன்றுதான் முதல்முறையாக அமைதியாக இருந்தது. 'விசாரிக்கிறேன் சார்' என்ற வழவழப்பான வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன், அக்கா வீட்டுக்குப் போயிருப்பார். நாற்பது கண்கள் என் வாயையே பார்த்தன.

"தப்பு என்னுதுங்க. அவங்க நான் எழுதுனத அப்படியே செஞ்சாங்க."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்குப் போய் ஒவ்வொரு விதியாக உரக்க வாசித்தார். பன்னிரண்டாவதில் நின்றார்.

"'அனைவரும் மகிழ்ச்சியுடன் பணிபுரிய வேண்டும்.' ஏங்க, இதுக்கும் உங்ககிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

களத்துப் பெண் ஒருத்தி முந்தானைக்குள் சிரித்தாள். அடுத்தவள் வெளியிலேயே சிரித்தாள். பாய்லர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மேனேஜரக் கேளுன்னு நீங்களுந்தாங்க சொன்னீங்க" என்றார். முதலாளிக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "அந்தம்மா இருக்கட்டும். சீர்காழிக்காரருக்கு நீங்களே போன் பண்ணித் திட்டு வாங்கிக்கங்க" என்று வண்டியேறினார்.

வாங்கிக்கொண்டேன். சீர்காழித் தமிழ் இனிமையானது என்று யாராவது சொன்னால் இப்போதும் நான் நம்புவதில்லை. போனை வைத்ததும் பலகையிலிருந்த தாளைக் கிழித்தேன். அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் 'சரியா?' என்று கேட்டதில்லை. 'இதுல எது நடக்காது?' என்று கேட்கப் பழகினேன். முதல் நாள் ஒரு மணி நேரம் பதில் வந்தது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா தன் துண்டு, தூக்குச்சட்டி, தொட்டிக்கடியில் வைத்திருந்த பழைய செருப்பு என எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"அக்கா, தொட்டி இனிமே உங்க பொறுப்பு. யார் கையெழுத்தும் வேணாம். நீங்களே பாத்துத் தொறங்க."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நெல்லாவது மிஞ்சியிருக்கும்."

"நாளைக்கு வந்துருவீங்கள்ல?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம சார். இதெல்லாம் நாத்தம் போக அலசணும். வாரத்துல ஒரு நாளாச்சும் உங்க மூஞ்சியப் பாக்காம இருக்க வுடுங்க. திங்கக்கெழம வர்றேன்."