செர்தோக் மடாலயத்துக்கு நான் இறங்கிய வழி

ராணுவத்தில் இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே எல்லை, துப்பாக்கி, பனிமலை என்று கண்ணை விரிப்பார்கள். நான் இருந்தது மளிகைக் கிடங்கில். அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்தே ஹவில்தார் ஆனேன், அளந்து கொடுத்தே ஓய்வு பெற்றேன். பணிக்காலத்தில் நான் சுட்டதெல்லாம் சப்பாத்திதான்.

ஆனாலும் லடாக்கில் பிறந்தவனுக்கு மலையேறத் தெரியாமல் போகுமா? அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊருக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது செர்தோக் மடாலயம். எத்தனை நூறு வருஷமாக என்று கேட்டால் ஒவ்வொரு லாமாவும் ஒவ்வொன்று சொல்வார். கடுங்குளிரில் அங்கே முகமூடி நடனத் திருவிழா நடக்கும். நான் ஓய்வு பெற்று வந்த வருஷம், விளக்குக்கு வெண்ணெய் கொடுக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. வெண்ணெயைத் தோல்பையில் கட்டி, புது அங்கி மாட்டிக்கொண்டு, என் மனைவி யாங்டோலுடன் ரோட்டுக்கு வந்தேன். அவள் தம்பி ஸ்பல்பாரின் வண்டி ஊர்ச்சனத்தால் பிதுங்கி நின்றது.

"அக்கா, நீ ஏறு," என்றான் ஸ்பல்பார். பிறகு என் வயிற்றைப் பார்த்தான். "ஆச்சோ, நீங்க அடுத்த நடைல வாங்களேன். நீங்க ஏறணும்னா மூணு பேரு இறங்கணும்."

ஆச்சோ என்றால் எங்களுக்கு அண்ணன். மரியாதையில் குறைவில்லை. ஆனால் வண்டியே சிரித்தது.

"உன் தகர டப்பா யாருக்குடா வேணும்? நான் முகட்டு வழியா நடந்தே போறேன். நீ வளைஞ்சு வளைஞ்சு வந்து சேர்றதுக்குள்ள நான் அங்க டீ குடிச்சிட்டிருப்பேன்."

"ஏ ஆங்மோ அப்பா, அந்தப் பக்கம் ஆடே போறதில்லை," என்றாள் யாங்டோல். ஆங்மோ எங்கள் மகள்.

"ஆடு ராணுவத்துல இருந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். வண்டி கண்ணை விட்டு மறையும் வரை அந்த விறுவிறுப்பு இருந்தது. அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அப்புறம் இன்னொரு பாறையில். அன்று நான் நடந்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம்.

முகட்டுக்கு வந்தபோது மடாலயம் எனக்கு நேர் கீழே கிடந்தது. நீண்ட எக்காளங்களின் ஓசை நெஞ்சில் அதிர்ந்தது. முற்றத்தைச் சுற்றிலும் கூரையெங்கும் ஜனம். இறங்கத்தான் வழியில்லை. சரளைக்கல் சரிவு, அதன்மேல் உறைபனி. திரும்பிப் போகலாம் என்று புத்தி சொன்னது. ஸ்பல்பாரின் முகம் நினைவுக்கு வந்தது. மெதுவாக ஒரு காலை வைத்தேன்.

வைத்த கால் நிற்கவில்லை. உட்கார்ந்த வாக்கில் கல்லும் பனியும் நானுமாகச் சேர்ந்து வந்தோம். எல்லா தெய்வத்தையும் கூப்பிட்டேன். மதம் கூடப் பார்க்கவில்லை. கடைசியில் மடாலயத்தின் பின்கூரையில் அடுக்கியிருந்த வில்லோ மரச் சுள்ளிக் கட்டுகளில் போய்ச் சொருகி நின்றேன். எலும்பு எதுவும் முறியவில்லை. அங்கியின் பின்பக்கம் மட்டும் மலையோடு போய்விட்டது. வெண்ணெய்ப் பை கிழிந்து, தலையிலிருந்து தாடி வரை வெண்ணெய், அதன்மேல் மண், அதன்மேல் பனி.

யாரும் பார்ப்பதற்குள் முகம் கழுவிக்கொள்ளலாம் என்று கூரையில் இருந்த ஏணி வழியாக இறங்கினேன். உள்ளே கும்மிருட்டு. பனி வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தடவித் தடவிப் போனதில் ஒரு கனத்த திரை கையில் பட்டது. விலக்கினேன்.

எக்காளங்கள் ஓங்கி முழங்கின. முற்றத்துப் படிக்கட்டின் உச்சியில் நான் நின்றிருந்தேன். கீழே மொத்த ஜனமும் கைகூப்பிக்கொண்டிருந்தது. நடனத்தில் காவல் தெய்வ வேஷம் அந்தத் திரை வழியாக எழுந்தருள வேண்டிய நேரம் அது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷம், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன்.

கூட்டத்திலிருந்து யாங்டோலின் குரல் கேட்டது: "ஐயையோ, அது எங்க வீட்டு வெண்ணெய்!"

கூரை அதிரச் சிரித்தார்கள். எக்காளம் ஊதியவருக்கு மூச்சு தடுமாறி, எக்காளம் கழுதை போலக் கத்தியது. எனக்குப் பின்னால் திரையைத் தள்ளிக்கொண்டு வந்த மான்முகமூடி ஆட்டக்காரர் என் மேல் மோதினார். கொம்புக்குப் பயந்து நான் கீழே இறங்கி முற்றத்துக் கொடிமரத்தைச் சுற்றி ஓடினேன். ஓடும்போது என் அங்கியின் பின்பக்கம் என்ன கதியில் இருந்தது என்பதை ஜனம் பார்த்தது. மானும் தாளம் தப்பாமல் என் பின்னாலேயே ஆடி வந்தது. ஒரு கிழவர் என்னை நிறுத்தி, கண்ணீர் வழியச் சிரித்தபடி, கழுத்தில் வெள்ளைத் துண்டு அணிவித்தார். மரியாதை செய்கிறார் என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்கப் போனேன். நடனங்களுக்குப் பொறுப்பான லாமா தின்லெஸ் சிரித்து அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

"காவல் தெய்வத்துக்கு முன்னாடி நீங்க வந்துட்டீங்க," என்றார்.

"தெரியாம நடந்துபோச்சு குருவே. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"அடுத்த வருஷம் வரணும். எங்க கோமாளிக்கு முழங்கால் போயிடுச்சு. ஆனா ஏணி வழியா வேணாம். வாசல் வழியா வாங்க."

வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்தேன். வேண்டுமென்றே வழுக்கி விழுவது, குரங்குபோல் பல்லைக் காட்டுவது, தொப்பியைத் தொலைத்துவிட்டுத் தேடுவது. யாக் மாடுகூட என்னைப் பார்த்தால் நகர்ந்து போயிற்று. திருவிழாவன்று கோமாளி முகமூடி மாட்டிக்கொண்டு அத்தனையையும் செய்து காட்டினேன். ஒருவர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்டது: "இந்தத் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"போன வருஷம் நல்லாப் பண்ணினாரு," என்று ஆறுதல் சொன்னாள் அந்தத் தாய். யாங்டோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதற்குள் பின்னாலிருந்தவர்கள் நெருக்கியடித்து ஆடும் இடத்துக்குள் வந்துவிட்டார்கள். எரிச்சலில் என்னை மறந்து, கிடங்கில் கத்துவதைப் போலக் கத்திவிட்டேன்: "வரிசைல நில்லு! தள்ளினா ஒரு மணி பருப்பு கிடையாது!"

ஜனம் சட்டென்று பின்வாங்கியது. பிறகு குபீரென்று சிரித்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களைச் சிரிக்க வைக்க நான் குரங்காக வேண்டியதில்லை. நானாக இருந்தாலே போதும்.

ஓரமாகக் கிடந்த ஒரு கூடையைத் தராசு போலத் தூக்கிப் பிடித்தேன். மான்முகத்தை நிறுத்தினேன். "கொம்பு எடைல சேராது. கழட்டி வெச்சிட்டு வா." எலும்புக்கூடு வேஷக்காரர் ஆடிக்கொண்டே வந்தார். "உனக்கெதுக்கு ரேஷன்? சதையே இல்லை. கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ." கிடங்கில் அத்தனை வருஷமும் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டெல்லாம் அந்த முற்றத்தில் சிரிப்பாகக் கொட்டியது. யாங்டோல் பக்கத்திலிருந்தவளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாமா தின்லெஸ் மட்டும் எழுந்து உள்ளே போனார். சிரிக்கத்தான் போனார் என்று சமையற்கட்டில் பிறகு சொன்னார்கள்.

அதிலிருந்து எல்லாத் திருவிழாவுக்கும் நான்தான் கோமாளி. போன குளிர்காலத்தில் என் பழைய படைப்பிரிவிலிருந்து பஞ்சோக் என்கிற சுபேதார் குடும்பத்தோடு வந்திருந்தார். கூட்டத்தில் அவருக்கு யாங்டோலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது; அவள் என் மனைவி என்று அவருக்குத் தெரியாது.

இடைவேளையில் தேநீரோடு வேஷ அறைக்குள் வந்தவளுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. "உங்க சுபேதார் சொல்றாரு, 'எங்க கிடங்குல அச்சு அசல் இதே மாதிரி ஒரு கஞ்சன் இருந்தாம்மா. ஒரு பருப்பு அதிகமா விழுந்தாலும் பொறுக்கி எடுத்துக்குவான். அவனைக் கட்டினவ பாவம்'னு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமாங்க, பாவம்தான்னு சொன்னேன்."

அவள் வரும் வரை அவரைத் தேடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தவன், கழற்றப்போன முகமூடியை அப்படியே இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வண்டி மலையிறங்கும் வரை கழற்றவில்லை. அதுவரை தேநீரை முகமூடியின் வாய் வழியாகவே ஊற்றிக்கொண்டேன். பாதி தாடிக்குப் போயிற்று.