வேதநாயகியின் முதல் காதல் காட்சி

பத்தொன்பது வயதில் வேதநாயகிக்கு ஒரு மகன் பிறந்தான். மகனுக்கு வயது நாற்பத்திரண்டு.

பிறந்த இடம் கோடம்பாக்கத்து ஸ்டூடியோ ஒன்று. கதாநாயகனின் தாயாக நடிக்க வேண்டிய அம்மாள் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். கதாநாயகியின் தோழிக் கூட்டத்தில் பூக்கூடையுடன் நின்றிருந்த வேதநாயகியின் அகன்ற முகமும் பெரிய கண்களும் டைரக்டரின் பார்வையில் பட்டன. "இந்தப் பொண்ணு தலையில பவுடரைக் கொட்டுங்கப்பா" என்றார். அரை மணி நேரத்தில் வெள்ளைப் புடவையும் வெள்ளைத் தலையுமாக அவளைத் தரையில் உட்காரவைத்து, நாயகனின் தலையை மடியில் கிடத்தினார்கள். பெரிய பூசணிக்காயின் கனம். அந்தக் கனத்திலேயே அவளுக்கு அழுகை வந்தது. ஒரே டேக்கில் ஓகே. விளக்குப் பிடித்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பேதைப் பெண்ணின் தலையெழுத்து அன்றைக்குப் பவுடரால் எழுதப்பட்டுவிட்டது.

பூக்கூடை மறுபடி அவள் கைக்கு வரவே இல்லை. இருமி இருமிச் செத்தாள். மாடிப்படியில் உருண்டு செத்தாள். மகனுக்கு வைத்த விஷப் பாலைத் தானே வாங்கிக் குடித்துச் செத்தாள். கிளிசரின் பாட்டிலை அவள் தொட்டதில்லை. டைரக்டர் கையைத் தூக்கினால் போதும், இடது கண்ணில் ஒரு சொட்டு திரண்டு வந்து உத்தரவுக்குக் காத்திருக்கும். இரண்டாவது டேக் என்ற பேச்சே கிடையாது என்பதால் 'ஒரே டேக் வேதநாயகி' என்று பெயர் வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் "பாப்பா, மோர் வேணுமா?" என்று கேட்கிற நாயகர்கள், மணி அடித்ததும் "அம்மா!" என்று அலறிக்கொண்டு வந்து மடியில் விழுவார்கள்.

ஒரே ஒரு முறை, தனக்கும் ஒரு காதல் காட்சி கிடைக்குமா என்று வெட்கத்தை விட்டு ஒரு டைரக்டரிடம் கேட்டாள். அவர் பதறிப்போனார். "உன்னை மரத்தைச் சுத்த விட்டா ஜனங்க தியேட்டரைக் கொளுத்திடுவாங்க. பெத்த தாய்ம்மா நீ" என்றார். அன்று வேதநாயகிக்கு வயது இருபத்திரண்டு.

காதல் படத்தில்தான் வரவில்லை, வாழ்க்கையிலாவது ஒழுங்காக வந்ததா? புனேவில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த வேலூர்க்காரர் பரமசிவம், லீவில் ஊருக்கு வந்தபோது அவள் படம் ஒன்றை நான்கு தடவை பார்த்தார். மனசு தாங்காமல் மெட்ராஸுக்கு ரயில் ஏறினார். ஸ்டூடியோ வாசலில் காரை எதிர்பார்த்து நின்றிருந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் கண்டதும், "அம்மா!" என்று நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார். நிமிர்ந்து பார்த்தபிறகுதான் தாம் செய்த தப்பு அவருக்குப் புரிந்தது. வேதநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தப் படத்திலும் காட்டவில்லையே என்று வருத்தப்பட்டே அவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

சினிமாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வேதநாயகி கட்கிக்கு வந்தாள். மராத்திக்காரர்களுக்கு அவளைத் தெரியாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் கட்கியில் தமிழ்க் குடும்பங்களுக்கா பஞ்சம்? முப்பது வயதில் பஸ் ஏறினால் ஐம்பது வயது ஆள் எழுந்து, "உக்காருங்கம்மா" என்றார். பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்புகிற வீடுகளில் அவளை அழைத்துப்போய் முன்வரிசையில் நிறுத்தினார்கள். அவள் அழுதால்தான் வீடியோ நன்றாக வருமாம்.

வீட்டுக்குள்ளாவது விடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பரமசிவத்துக்குப் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது. அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. முதலில் "இந்தா" என்றார். மகன் பிறந்ததும் "ரமேஷ் அம்மா" ஆக்கிவிட்டார். ரமேஷுக்கே இப்போது தலை நரைத்து, கனடாவில் உட்கார்ந்திருக்கிறான். கட்கி வீட்டில் இன்றைக்கும், "ரமேஷ் அம்மா, சாய் ஆச்சா?"

இப்படி இருக்கையில்தான் போன மார்கழியில் ராஜஸ்ரீ வந்து கதவைத் தட்டினாள். சினிமா படிக்கிற பெண். தமிழ்ப் பெண்தான், ஆனால் புனேவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் புறப்பட்டால் இந்தியில் போய் இறங்குவாள். தேர்வுக்காக ஒரு குறும்படம் எடுக்கிறாளாம். கிழவி ஒருத்தியும் ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவரும் காதலிக்கிற கதை.

"நான் யாருக்கு அம்மா?" என்று கேட்டாள் வேதநாயகி.

"அம்மா எல்லாம் நஹி, வேதாஜி. நீங்கதான் ஹீரோயின்."

எண்பத்தொரு வயது இதயம் ஒரு முறை நின்று ஓடியது. பீரோவின் அடித்தட்டில் கிடந்த கிளிப்பச்சைப் புடவை அன்றே இஸ்திரிக்குப் போனது.

நாயகனாகப் பிடித்திருந்தது லக்ஷ்மிநாராயணனை. பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர், எழுபது வயது, நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர். படப்பிடிப்பு சாங்வியில் ஒரு பஸ் நிறுத்தத்தில். ஒரே நாள்தான். மறுநாள் காலை கேமராவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முக்கியமான காட்சி சின்னது. வேதநாயகி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பின்னாலிருந்து அவர் "வேதா" என்று கூப்பிடுவார். அவள் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ரொம்ப அழக்கூடாது என்று ராஜஸ்ரீ கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

பரமசிவமும் வந்திருந்தார். பிளாஸ்க், குடை, மாத்திரை டப்பா மூன்றும் அவர் பொறுப்பு. பெண்டாட்டியை எவனோ ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிடப்போவதில் அவருக்குச் சற்றும் இஷ்டமில்லை. அதைச் சொல்லாமல், தூசி அதிகம், டிராஃபிக் அதிகம் என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

காக்கிச் சட்டையில் லக்ஷ்மிநாராயணன் கம்பீரமாக நடந்து வந்தார். வேதநாயகி திரும்பினாள். அந்தப் பெரிய கண்களைப் பார்த்த மாத்திரத்தில் ராஜா குழந்தையாகிவிட்டார்.

"அம்மா…"

"கட்!" என்றாள் ராஜஸ்ரீ.

அவள் விஷப் பால் குடித்த படத்தைப் பத்து வயதில் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு வாரம் ஜுரமாம். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி நடந்து வந்தார். மறுபடியும் அம்மா. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கூப்பிடச் சொன்னார்கள். மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு "அம்மா" என்றார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

"என்னை மன்னிச்சுடுங்கோ. பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்று வேதநாயகியின் காலடியில் உட்கார்ந்தே விட்டார்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ராஜஸ்ரீ நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "ஏக் காம் கரேங்கே? ஒண்ணு செய்யலாமா? கதையை மாத்திடலாம். நீங்க ரெண்டு பேரும் அம்மா, மகன். அங்கிள் நல்லா அழறார்" என்றாள்.

வேதநாயகியின் கண்ணில் நீர் வந்தது. கையைத் தூக்க யாரும் இல்லை, உத்தரவுக்குக் காத்திருக்கவும் இல்லை. இரண்டு கண்களிலும் தாறுமாறாக வந்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டு, "சரிம்மா. அப்படியே எடு. பழக்கம்தானே" என்றாள்.

அவளுடைய அழுகைகளை எல்லாம் நான்கு நான்கு தடவை பார்த்தவர் பரமசிவம். இந்த அழுகையை அவர் பார்த்ததில்லை. பிளாஸ்க்கை மெதுவாகக் கீழே வைத்தார். லக்ஷ்மிநாராயணனிடம் போய், "சட்டையைக் கழட்டுய்யா" என்றார்.

காக்கிச் சட்டை அவருக்குத் தொளதொளவென்று முழங்கால் வரை தொங்கியது. ராஜஸ்ரீக்கு டிரைவர் எப்படி இருந்தாலும் சம்மதம். "அங்கிள், பேர் சொல்லணும். வேதா" என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள்.

"தெரியும் புள்ள. கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்தாங்க" என்றார்.

ஆனால் நாக்கு எழவில்லை. முதல் தடவை இருமினார். இரண்டாம் தடவை, "ர… ர…" என்று வந்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மதில் சுவரைப் பார்த்து உதட்டை அசைத்துப் பழகினார். வேதநாயகி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தாறு வருஷமாக அந்த வாயிலிருந்து வராதது இன்றைக்கு வருமா?

"வேதா."

கொஞ்சம் கரகரப்பாக, வெளியில் கேட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே வந்தது. அவள் திரும்பினாள். என்ன முகபாவம் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை படங்களில் இதற்கு ஒரு முகமும் அவளிடம் இல்லை. அதனால் ஸ்டூடியோ வாசலில் சிரித்த அந்தச் சிரிப்பு தானாக வந்துவிட்டது.

"கட்! ஓகே! சூப்பர்!" என்று குதித்தாள் ராஜஸ்ரீ.

"எங்கே சூப்பர்? தலை கலைஞ்சிருந்தது. இன்னொண்ணு எடு" என்றாள் வேதநாயகி.

எடுத்தாள். பஸ் ஹாரன் குறுக்கே வந்துவிட்டது என்றாள் வேதநாயகி. அடுத்ததில் புடவை மடிப்பு சரியில்லை. அதற்கடுத்ததில் கண்ணில் தூசி. ஒரே டேக் வேதநாயகிக்கு அன்று எதுவுமே பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் தூரம் நடந்து போய்த் திரும்பி வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

கடைசியில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ரமேஷ் அம்மா, லைட் போவுதுன்னு அந்தப் பொண்ணு அழுவுது. போதும்" என்றார்.

கேமராவை மூட்டை கட்டினார்கள். கட்கி பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். வேதநாயகி மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை, எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பரமசிவம் பஸ் படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றார். கண்டக்டர் மராத்தியில் கத்தினார்.

"வேதா! பஸ் கிளம்புது, வா!"

"காதுல விழல" என்றாள்.

"வேதா!" என்று சாங்வி முழுக்கக் கேட்கும்படி கத்தினார் பரமசிவம்.

அவள் எழுந்து, மடிப்பை நீவி, ஒரு கதாநாயகி எப்படி ஏற வேண்டுமோ அப்படி பஸ் ஏறினாள். ஏறியதும் லக்ஷ்மிநாராயணன் துள்ளி எழுந்து, "உக்காருங்கோம்மா" என்று இடம் கொடுத்தார். வேதநாயகி உட்கார்ந்து, அவர் தலையில் கை வைத்து, "நல்லா இருடா கண்ணா" என்று பழைய குரலில் வாழ்த்தினாள். கட்கி வரும் வரை அவர் அழுதுகொண்டே வந்தார்.