பதின்மூன்றாவது புள்ளி

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் நூர்னிசாவுக்கு இது பத்தொன்பதாவது வருடம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அத்தாவின் தையல் தொழில் இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் படிக்க வைக்கும் என்றானபோது, தங்கை ஆலியாவே படிக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். டைப்பிங் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தாள். இன்று முதலாளி நவநீதகிருஷ்ணன் இல்லாவிட்டாலும் கடை நடக்கும். அவள் லீவு போட்டால் நடக்காது.

அவள் செய்த பேனரில் பிழை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் வந்தால் அர்த்தம் தெரியாது. ஆனாலும் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டுவிடுவாள். கடைசியாகப் படத்தைத் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்திப் பார்ப்பாள். தூசி, கீறல், கல்யாணப் பெண் கன்னத்துப் பரு, மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் ஓடும் கரண்டுக் கம்பி, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. எல்லாவற்றையும் துடைத்த பிறகுதான் மெஷினுக்கு அனுப்புவாள். கடையில் அதற்கு டச்சப் என்று பெயர்.

"நூர்னிசாம்மா டச்சப் பண்ணுனா பெத்த தாய்க்கே பிள்ளைய அடையாளம் தெரியாது" என்பார் நவநீதகிருஷ்ணன்.

வாடிக்கையாளர்களிடம் அவள் மறக்காமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. "எந்தங்கச்சி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கா." எதில் என்று யாராவது கேட்டால், "பூச்சியில" என்பாள். வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்புகளில் அலைந்து, ஓலையில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக்களை ஆலியா எண்ணிக்கொண்டு வருகிறாள் என்பது வரை அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. கேட்டாலும் தனக்கு விளங்காது என்று நினைத்திருந்தாள்.

சென்னையில் ஒரு மாநாடு வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் காலையில் ஒரே ஒரு ஸ்லைடைக் காட்டி மூன்று நிமிடம் பேச வேண்டும். மதியம் தங்கள் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று, நடுவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் பரிசு வாங்குகிறவருக்கு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் மூன்று மாதம் இடம். ஒரு வருடமாக ஆலியா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவள் செய்துகொண்டு வந்த போஸ்டரைப் பார்த்து நூர்னிசா கையை உதறினாள்.

"ஏட்டி, இது போஸ்டரா, பாடப் புஸ்தகமா? இம்புட்டையும் நின்னு எவன் வாசிப்பான்?"

"எல்லாமே முக்கியம்க்கா."

"கல்யாண வீட்டுக்காரனும் இதைத்தான் சொல்லுதான். நாப்பது பேர் போட்டோவும் முக்கியம்ங்கான். பைக்ல போறவனுக்கு ஒண்ணுதான் கண்ணுல விழும். அது எதுன்னு நீ சொல்லு."

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வெட்டினார்கள். ஆறு பத்தி இரண்டாயிற்று. நாலு அட்டவணை போய் ஒரு வரைபடம் நின்றது. நிறத்திலும் நூர்னிசா விடவில்லை.

"ரெண்டு கலருக்கு மேல வேண்டாம். இந்த அம்புக்குறியெல்லாம் எடுத்துரு. பாத்ரூமுக்கு வழி காட்டுத மாதிரி இருக்கு."

ஆலியா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்தாள். ஆனால் மிச்சமான வெள்ளை இடத்தில் பூ வேலை செய்ய மட்டும் அவள் விடவில்லை.

"இப்பிடிக் காலியாக் கெடந்தா மை தீர்ந்துபோச்சுன்னு நெனைப்பாங்கட்டி."

"நெனைச்சுக்கிடட்டும். கண்ணு செத்த நேரம் ஓய்வெடுக்கணும்க்கா."

கீழே பொடி எழுத்தில் நன்றிப் பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் தன் பெயர் இருப்பதை நூர்னிசா எழுத்துக்கூட்டி வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

புறப்படும் நாள் மதியம் ஆலியா மாதிரித் தாளில் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டி கட்டுவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போனாள். மெஷினுக்கு அனுப்பும் முன் நூர்னிசா வழக்கம்போலப் படத்தைப் பெரிதாக்கி நகர்த்தினாள். வரைபடத்தின் வலப்பக்கம் மேலே நீலப் புள்ளிகள் கூட்டமாக இருந்தன. இடப்பக்கம் அடியில், கோட்டை ஒட்டி, எதிலும் சேராமல் ஒன்று. பிள்ளை அவசரத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒரு தொடலில் அழித்துவிட்டாள். அந்த இடம் பளிச்சென்று ஆனது.

கையெழுத்து வாங்கிய பிறகு எதைத் தொட்டாலும் மறுபடி காட்டிவிட்டுத்தான் அச்சிட வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று அன்று விட்டுவிட்டாள்.

சுருளைக் குழாயில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயில் வந்து நிற்கும்போது குழாயை ஆலியா கையில் கொடுத்தாள். திறந்து பார்க்க நேரமில்லை.

மறுநாள் மதியம் ஆலியாவிடமிருந்து போன் வந்தது. பரிசுச் செய்தி என்று நினைத்து நூர்னிசா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, படத்துல அடியில ஒரு புள்ளி இருந்துச்சே. எங்க?"

"அதுவா? தூசி மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. நான்தான் தொடைச்சுவிட்டேன்" என்றாள் நூர்னிசா, பெருமையாக.





"அது தூசியில்லக்கா. மகாராஜபுரத்துத் தோப்பு."

பன்னிரண்டு தோப்புகளில் மருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஈயும் குறையாமல் இருந்தது. மகாராஜபுரத்தில் ஒரே ஒருவர் மருந்தே அடிக்காமல் விட்டிருந்தார். அங்கே ஈயைத் தின்னும் குளவி பெருகி, ஈ அடங்கிவிட்டது. ஆலியாவின் மூன்று வருட உழைப்பும் அந்த ஒற்றைப் புள்ளியில்தான் இருந்தது. போஸ்டரின் ஆங்கிலத் தலைப்பே அதைத்தான் சொன்னது. எழுத்து எழுத்தாக அதை ஒப்பிட்டவள் நூர்னிசாதான்.

நடுவர் எதிரே நின்று, "இந்தத் தோப்பில்" என்று ஆலியா விரலை வைத்தபோது அதன் கீழே வெறும் வெள்ளைத் தாள் இருந்தது. பதறிப்போய்ப் பேனாவால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான். "காலையில் ஸ்லைடில் இருந்தது, மதியம் போஸ்டரில் இல்லை, இப்போது பேனாவில் வருகிறது" என்று சொல்லிவிட்டு நடுவர் அடுத்த போஸ்டருக்கு நகர்ந்தார்.

"நான் வந்து சொல்லுதேன் ஆலியா. நான்தான் அழிச்சேன்னு உங்க சார்கிட்டச் சொல்லுதேன்."

"ஃப்ளெக்ஸ் கடையில அழிச்சுட்டாங்கன்னா சிரிப்பாங்கக்கா. நீ வராத."

நவநீதகிருஷ்ணன் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் கேலி செய்யவில்லை.

கணக்கை இட்டுக்கட்டியிருப்பாளோ என்று பேச்சு வந்ததால் ஆலியாவின் பேராசிரியர் தோப்புக் குறிப்பேட்டை வாங்கி ஒரு வாரம் வைத்திருந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். ஆலியாவின் நல்ல பெயர் தப்பியது. வெளிநாட்டு இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. வீட்டில் ஆலியா கோபித்துக்கொள்ளவில்லை. பூச்சியைப் பற்றி ஒன்றும் பேசவுமில்லை. முன்பும் அவள் அதிகம் பேசியதில்லை. ஆனால் இப்போது நூர்னிசாவுக்கு அது உறைத்தது.

ஒருநாள் கடையில் வேறெதையோ தேடும்போது தங்கை முதலில் செய்துகொண்டு வந்த, வெட்டாத போஸ்டர் கணினியில் கிடைத்தது. எழுத்துக் குவியலுக்கு நடுவே வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளிகள் நீலம். அடியில் ஒற்றைப் புள்ளி மிளகாய்ச் சிவப்பில், மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அதைக் காட்டி ஓர் அம்புக்குறி. எதற்கு இந்தச் சிவப்பு என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மூன்று சாயங்காலம் இருந்தது. அந்த நேரமெல்லாம் அவளேதான் பேசியிருந்தாள்.

அடுத்த வருடம் ஆலியா இன்னொரு போஸ்டரோடு கடைக்கு வந்தாள். பென் டிரைவை நீட்டினாள்.

"பிடிஎஃப்பாக் கொண்டாந்திருக்கேன்க்கா. அப்பிடியே பிரிண்ட் எடுத்தாப் போதும்."

நூர்னிசா திறந்து பார்த்தாள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தது. அச்சிடலாம், ஓர் எழுத்தைக்கூட நகர்த்த முடியாது. தங்கை செய்தது சரிதான் என்று நூர்னிசாவுக்குத் தோன்றியது.

அச்சாகி வந்த தாளை மேஜையில் விரித்தாள். ஒற்றைப் புள்ளி சிவப்பாக, பெரிதாக இருந்தது. கீழே நன்றிப் பட்டியலை விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனாள். கடைசிப் பெயர் வேறு யாருடையதோ.

"சரியா இருக்காக்கா?"

"இரு, புள்ளிய எண்ணிக்கிடுதேன்" என்று குனிந்தாள் நூர்னிசா.