பிளசர் காரில் காணாமல் போன பொட்டுத்தாலி

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி வியாபாரி வீட்டில் நான் வேலைக்கு இருந்தேன். பதினேழு வயது இருக்கும். வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்தான் வேண்டும் என்று கேட்டு அந்த வீட்டு அம்மா என்னைச் சேர்த்துக்கொண்டார். எங்களில் பெண்பிள்ளைகளுக்குக் கை சுத்தம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அப்படி நம்பி எடுத்தவர், வெளியே கிளம்பும்போதெல்லாம் பருப்புப் பானையில் விரலை விட்டு மட்டம் பார்த்துவிட்டுத்தான் போவார். நான் பார்க்காததுபோல் இருந்துகொள்வேன். எங்கள் அப்பா சபைக் கோயிலில் மணி அடிப்பவர். கூழ் குடித்துத்தான் வளர்ந்தோம். ஆனால் இன்னொருவர் பொருளைக் கண்ணால்கூடத் தொட்டதில்லை.

அந்த வீட்டு மூத்த மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆசாரி செய்து கொடுத்த பொட்டுத்தாலியைத் திருச்சுழிக் கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்துவர வேண்டும் என்பது அம்மாவின் நேர்த்தி. தாலி என்றால் பெரியதாக நினைத்துவிட வேண்டாம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொட்டு. அதை மஞ்சள் துணியில் முடிந்து அம்மா மடியில் வைத்துக்கொண்டார். தேங்காய் பழம் வைத்த தாம்பாளம் என் மடியில். பிளசர் கார் என்றுதான் அப்போது மோட்டார் காரைச் சொல்வோம்; அதை ஓட்டியவர் அந்த வீட்டு டிரைவர், நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர்.

பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த நேரம் அது. கிடைத்த பெட்ரோலில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டுவார்கள். அதனால் பிளக்குகளில் கரி படிந்து, வண்டி நின்று நின்றுதான் போகும். பாதி வழி தாண்டியதும் கரிசல் காட்டுக்கு நடுவில் மூன்று தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

டிரைவர் மூடியைத் தூக்கி நாலு பிளக்கையும் கழற்றினார். பக்கத்தில் இருந்த கருவேல மர நிழலுக்குப் போய் உட்கார்ந்து கத்தியால் கரியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. தாலியோடு போகிற வண்டி நடுவழியில் நிற்கலாமா?

"எவ கண்ணு பட்டுச்சோ. நேத்து எதுத்த வீட்டுக்காரி வந்து தாலியத் தொட்டுத் தொட்டுப் பாத்தா, அப்பவே நெனச்சேன்" என்றார்.

கண்ணேறு கழிக்க உப்பு, மிளகாய் எதுவும் கையில் இல்லை. அம்மா மஞ்சள் முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை திருநீறு போட்டு, அவசரமாக மறுபடி முடிந்தார். இறங்கிப் போய், திறந்து கிடந்த எஞ்சினை அந்த முடிச்சால் மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு முடிச்சை அதன் தலைமேல் மூன்று தரம் ஒற்றி எடுத்தார். திரும்பி வந்து முடிச்சை என் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ஒதுங்குவதற்காகப் பருத்திக் காட்டுக்குள் போனார்.

அவர் போயிருந்த நேரத்தில் டிரைவர் வந்து, முன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கந்தல் துணியை எடுத்துக்கொண்டு போனார். என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் அவர் கை வந்து போனது. அப்போது அது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா வந்து முடிச்சைக் கையில் எடுத்ததுமே புருவம் சுருங்கியது. அவிழ்த்தார். திருநீறு இருந்தது, தாலி இல்லை.

"ஏ புள்ள, எங்கடி?"

"தெரியலம்மா. நீங்க வச்சது வச்சபடிதான் இருந்துச்சு."

"வச்சபடி இருந்தா எறக்க மொளச்சா போகும்? எந்திரி."

நடுரோட்டில் என்னை நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னார். உதறினேன். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார், அவிழ்த்தேன். வாயைத் திறக்கச் சொன்னார். எங்கள் அப்பா அடிக்கிற மணிச்சத்தம்தான் காதில் கேட்டது. திருடி என்று பேர் எடுத்துவிட்டால் அந்த மணிக்கயிற்றை அவர் எந்த முகத்தோடு பிடிப்பார்? அதற்கப்புறம் அருப்புக்கோட்டையில் எந்த வீடு என்னை வாசல் மிதிக்க விடும்?

வாயைத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னேன்: "என்னையப் பாத்தாச்சுல்ல. டிரைவர் அண்ணனும் இங்க வந்துட்டுப் போனாக. அவுகளையும் பாருங்க."

டிரைவர் என்னை முறைத்தார். "ஏ தாயி, ஒன் மடியில இருந்த சாமானுக்கு என்னைய இழுக்கியா?" என்று சொல்லிக்கொண்டே காக்கிச்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். இரண்டு பீடியும் ஒரு தீப்பெட்டியும் விழுந்தன. தீப்பெட்டியையும் அம்மா திறந்து பார்த்தார்.

"வண்டிய எடு. வீட்டுக்குப் போயி முதலாளிகிட்ட ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க."

டிரைவர் பிளக்குகளை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு முன்னால் போனார். போனவர் அவற்றை மாட்டவில்லை. குனிந்து, பிளக்கு இருந்த துளைகளில் செருகியிருந்த கந்தலை உருவிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆள் அங்கேதான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அண்ணே, அங்க என்னத்தத் தேடுறீக?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு வேர்க்குது?"

அம்மாவும் வந்துவிட்டார். டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தே பேசினார்.

"பிளக்கக் கழட்டுனா தொளையில துணி அடைக்கணும். நான் அடைக்காமப் போயிட்டேன். அம்மா முடிச்ச வச்சு ஒத்துனாகல்ல... அதை மரத்தடியில இருந்து பாத்தேன். அப்பறந்தான் பயந்து துணி எடுக்க வந்தேன்."

"அப்ப என்னைய உதறச் சொல்லையில வாயில என்ன வச்சிருந்தீக?"

அவர் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். அம்மா கையிலிருந்து தாலி விழுந்தது என்று அம்மாவிடமே யார் சொல்வது?

அம்மாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஏங்கையில இருந்து தாலி விழுமா? ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு நாடகம் போடுதீகளா? நீயே உள்ள போட்டுட்டு நீயே எடுத்துக் குடுப்பியோ?"

"உள்ள கெடக்கையில வண்டிய எடுத்தா எஞ்சினும் போகும், தாலியும் நசுங்கிப் போகும்மா" என்றார் டிரைவர். டவுனுக்கு நடந்து போய் மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்றதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. போகிறவர் தாலியோடு போய்விட்டால்? என்னைத் தனியாக வண்டியோடு விடவும் மனமில்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் வெயிலில் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் நான்தான் காட்டுக்குள் இறங்கினேன். அம்மா வரப்பு வரைக்கும் பின்னாலேயே வந்தார். நேரான பருத்திமார்க் குச்சி ஒன்றை ஒடித்துத் தோலை உரித்தேன். வெடித்த காயிலிருந்து ஒரு கை பஞ்சு பறித்தேன். கருவேல மரத்தில் வடிந்திருந்த பிசினைக் கிள்ளி வாயில் போட்டு ஊறவைத்தேன். அதற்கும் அம்மா என் வாயையே பார்த்தார்.

பொட்டு வைக்க அம்மா கொண்டுவந்திருந்த கண்ணாடியை அவரையே பிடிக்கச் சொன்னார் டிரைவர். வெயிலை அதில் வாங்கித் துளைக்குள் அடித்தார் அம்மா. முதல் துளையில் இருட்டுதான். இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மினுக்கென்றது. அம்மா எட்டிப் பார்க்கக் குனிந்ததில் வெளிச்சம் என் கண்ணில் அடித்தது.

டிரைவர் முன்னால் போய், வண்டி கிளப்புகிற கைப்பிடியைச் செருகி, மாவாட்டுவதைவிட மெதுவாகச் சுற்றினார். உள்ளே இருந்த பிஸ்டன் மேலே ஏற ஏற, மினுக்கம் துளைக்குக் கிட்டே வந்தது. பிசினைக் குச்சியில் ஒட்டி அதன் மேல் அமுக்கினேன். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கிவிட்டது. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, புதுப் பிசின் வைத்து மறுபடி அமுக்கினேன். இருபது எண்ணும் மட்டும் அசையவில்லை. தூக்கினேன், வந்தது. கறுப்பாக, ஓரத்தில் லேசாகக் கீறல் விழுந்து.

அம்மா குச்சியோடு பிடுங்கிக்கொண்டார். எச்சில் பட்ட பிசினென்றுகூடப் பார்க்காமல் விரலாலேயே வழித்தார், தண்ணீர் ஊற்றிக் கழுவினார், முந்தானையில் துடைத்தார். அப்புறம்தான் பயம் வந்தது அவருக்கு. கட்டுவதற்கு முன்னாலேயே தாலி தன் கையிலிருந்து தவறியது என்று பெண் வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும்?

"டிரைவரே, இது ஒருத்தர் காதுக்கும் போகக் கூடாது. சத்தியம் பண்ணும்."

டிரைவர் வண்டி முகப்பில் இருந்த சந்தனப் பொட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஒன் வேதத்து மேல பண்ணு."

"எங்களுக்குச் சத்தியம் பண்ற வழக்கமில்லம்மா. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

"வெறும் வாய்ச்சொல்ல நான் எப்பிடி நம்ப?"

"அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு, கொண்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

டிரைவர் பிளக்குகளை மாட்டி முடித்ததும் அம்மாவும் ஏறினார். 'உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று திருச்சுழி வரைக்கும் காத்திருந்தேன். சொல்லவில்லை.

இப்போது அம்மாவும் டிரைவரும் உயிரோடு இல்லை. இருந்தவரை நான் வாய் திறந்ததில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. ஆனால் அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? சமையல்கட்டில் யாரிடமாவது நான் சிரித்துப் பேசினால் அந்தப் பக்கம் வந்து நிற்பார். கல்யாணத்தன்று பெண் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் அட்சதைத் தட்டோடு நான் நின்றேன். மேளம் கொட்டியது. எல்லாரும் மணமக்களைப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் என்னைப் பார்த்தார். மூன்றாவது முடிச்சு விழும் மட்டும் அவர் கண் என் வாயை விட்டு நகரவில்லை. நானும் தலையைக் குனியவில்லை.