இடப்பக்கக் கதவின் பதினேழு ஸ்டிக்கர்கள்

வெயிலில் நிற்கும் காருக்குள் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து சூடேறும்போது ஒரு மணம் எழும். பத்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அதைச் சுவாசித்திருக்கிறேன். வேறு எந்த மணத்தோடும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கார் என் சித்தப்பாவுடையது. மட்டக்களப்புப் பக்கம் தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. அந்த வெள்ளைக் காரை வாடகைக்கு 'ஹயர்' ஓடித்தான் அவர் வீடு நடந்தது. அது போதாமல் போனதால், என் தாயின் தங்கையான சின்னம்மா இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். மகள் ஜெனிக்கு அப்போது நாலு வயது. பகலெல்லாம் அவள் எங்கள் வீட்டில், என் பின்னால்தான் திரிவாள்.

மாதம் ஒரு கடிதம் வரும். ஒவ்வொன்றிலும் ஜெனிக்கென்று ஒரு ஸ்டிக்கர், தாளோடு கத்தரித்து வைத்திருப்பார்: வண்ணத்துப்பூச்சி, மினுங்கும் நட்சத்திரம், ஒருமுறை கழுத்தில் மணி கட்டிய ஒட்டகம். "இருபத்திநாலு சேந்தா அம்மா வந்து நிப்பன்" என்று முதற்கடிதத்திலேயே சின்னம்மா எழுதியிருந்தார். ஜெனி அவற்றைக் காரின் இடப்பக்க முன்கதவின் உட்புறம், ரெக்சினில், வரிசையாக ஒட்டினாள்; அது அவளுடைய அம்மா வழமையாக இருந்து போகும் பக்கம். கலண்டர் பார்க்கத் தெரியாத அந்தப் பிள்ளைக்கு எண்ணத் தெரியும். காலையில் கார் புறப்படுமுன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள்.

கடிதத்தின் அடியில் எனக்கும் ஒரு வரி இருக்கும்: "கெட்டிக்காரி, தங்கச்சியப் பாத்துக்கொள்ளு." ஸ்டிக்கர் இருக்காது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒட்டகம் எனக்கு வேண்டியிருந்தது.

பதினேழு சேர்ந்திருந்த போதுதான், களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போகச் சித்தப்பாவின் காரைப் பேசினார்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் எனக்குப் பள்ளி விடுமுறை; காலையில் அவர் காரின் வெளிப்புறத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். என் கையில் ஈரத்துணியைத் தந்து, "உள்ளுக்க நல்லாத் துடைச்சு விடு புள்ள. மாப்புள வேட்டியோட ஏறி இருக்கிற இடம்" என்றார். அவர் சொன்னது தூசியைத்தான். எனக்கும் அது விளங்கியது. ஆனாலும் ஜெனி பாலர் பாடசாலையில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில், ஒட்டகத்தை நகத்தால் நெம்பி, பசை மட்டும் கதவில் நிற்க, படத்தை முழுதாக எடுத்து என் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஒன்று மட்டும் காணாமல் போனால் எடுத்தது யாரென்று தெரிந்துவிடும் என்பதால் மிச்சம் பதினாறையும் பிடுங்கினேன். அவை ஒழுங்காக வரவில்லை. மேற்படம் கிழிந்து, அடியில் வெள்ளைத் தாளும் பசையும் தங்கின. பிளேடால் சுரண்டியதில் தாள் போயிற்று. பசை போகவில்லை, ரெக்சினில் இரண்டு கீறலும் விழுந்தது.

சித்தப்பா கண்டதும், "என்ன புள்ள, எல்லாத்தையும் பிச்சிட்ட?" என்றார். "நீங்கதானே துடைக்கச் சொன்ன" என்றேன். அவர் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெனி வந்து அழுதபோது அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போயிருந்தார். நான் அவளிடம், "மாப்புள ஊட்டு ஆக்கள் வந்து பிடுங்கிட்டாங்க" என்றேன்.

எங்கள் ஊர் கடலுக்கும், நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் கீற்று. காற்றடித்தால் அரிசி மா போன்ற மணல் எதிலும் ஏறும். கல்யாணம் முடிந்து இரண்டு நாளில் கதவில் எஞ்சியிருந்த பசையெல்லாம் மணலைப் பிடித்துக் கறுத்து, வண்ணத்துப்பூச்சி வண்ணத்துப்பூச்சியாகவும் நட்சத்திரம் நட்சத்திரமாகவும் தெரிந்தன. ஜெனி அவற்றைத் தொட்டு எண்ணினாள். "பதினேழும் இருக்கு அக்கா! அம்மாட கணக்கு போகல்ல" என்று துள்ளினாள். பிறகு, "அப்பாட்டச் சொல்லி, மாப்புள ஊட்ட போய் ஸ்டிக்கரையும் வாங்குவம்" என்றாள்.

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் சித்தப்பாவிடம் போய்க் கேட்டால் நான் சொன்ன பொய் தெரிந்துவிடும். அடையாளம் இல்லாவிட்டால் கேள்வியும் இருக்காது என்பது அந்த வயதின் நியாயம். ஞாயிறு, எல்லோரும் தேவாலயப் பூசைக்கு நடந்து போக, வயிற்றுவலி என்று நான் நின்றுகொண்டேன். பசையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். எல்லாம் போயிற்று, அந்த இடத்தில் ரெக்சின் மட்டும் வெளிறிக் கிடந்தது. ஒட்டகத்தை வைத்திருக்கவும் பயம் வந்துவிட்டது. வாவிக்கரைக்கு ஓடிப்போய்த் தண்ணீரில் விட்டேன்.

இப்போது பத்திரிகையில் வேலை செய்யும் நான் 'தவறுதலாக' என்ற சொல்லைச் செய்திகளில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஸ்டிக்கரைப் பிடுங்கியதற்கு அந்தச் சொல்லை இழுத்துப் பிடித்தாவது பொருத்தலாம். அந்த ஞாயிறுக்குப் பொருந்தாது. அவள் எண்ணியதைக் கண்ட பிறகே நான் துணியை எடுத்தேன்.

பூசையால் வந்த சித்தப்பா என் பக்கம் வந்ததும் மூக்கைச் சுளித்தார். "கை மணக்குது. போய்க் கழுவு" என்றார். அவ்வளவுதான். ஜெனி கதவைத் திறந்து, வெளிறிய இடத்தை உள்ளங்கையால் தடவினாள். இம்முறை அழவில்லை. "அப்ப முதல்ல இருந்து எண்ணுறதா அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. "ஓம்" என்றேன். பழைய பதினேழை அவள் சொல்லித் திரிந்தால், அவற்றைப் பிடுங்கியது யாரென்ற கேள்வியும் கூடவே வரும் என்று நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்துச் சின்னம்மா சொன்ன சொல்லுக்கு வந்து இறங்கினார். அந்தக் காரில்தான் வந்தார். முற்றத்தில் எல்லோரும் கூடி நிற்க, ஜெனி மட்டும் கிட்டப் போகாமல், "இப்ப ஏழுதானே ஒட்டியிருக்கு. இன்னும் பதினேழு இருக்கே" என்றாள். "அப்ப திரும்பிப் போகட்டா மகள்?" என்று சின்னம்மா பகிடிக்குக் கேட்டார். முற்றமே சிரித்தது. ஜெனி ஓடிப்போய்த் தாயின் கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். இரவு படுக்கும்வரை விடவில்லை. நானும் சிரிக்காமல் நின்றேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். பின்கதவின் உட்புறம் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய மீன்களும் பூக்களும். கராஜில், "ஹெயார் ட்ரையர் சூடு பிடிச்சா தன்பாட்டுக்குக் கழண்டு வரும். மிச்சப் பசையச் சவர்க்காரத் தண்ணியில துடையுங்க. மண்ணெண்ண பட்டா வெளிறிப் போகும்" என்றார்கள். அது எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சித்தப்பாவின் காரைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்று வருடங்களாகிவிட்டன. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மார் இப்போது கைபேசியில் முகம் காட்டுகிறார்கள். கடிதத்துக்குள் ஸ்டிக்கர் வைக்க யாருக்கும் தேவையில்லை.

மட்டக்களப்பு நகரில் இருக்கும் ஜெனிக்கு அன்று மாலை போன் எடுத்து, வாவிக்கரைக்கு ஓடியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. கதவு மணத்த மாதிரியே உங்கட கையும் மணத்திச்சு."

"பிறகு ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?"

"அம்மா உங்களத்தானே பாத்துக்கொள்ளச் சொன்னவ. நீங்களும் கோவிச்சா நான் ஆரிட்டப் போற?"

அவளே கேட்டாள்: "அது கிடக்கட்டும். அந்த ஒட்டகத்த என்ன செஞ்சீங்க?"

சொன்னேன்.

"ஆத்துக்கயா விட்டீங்க?" என்றாள். பிறகு, "அத மட்டுமாவது வச்சிருப்பீங்க எண்டு நினைச்சன்" என்றாள்.