தனி ஆளுக்கு வேண்டிய சாமான்

ஸ்ஸ்ஸ் என்று டயரிலிருந்து காற்று இறங்குகிற சத்தம் கேட்டால் எனக்கு நாக்கு வறண்டு போகும். சமீபத்தில் வரதய்யபாளையம் தாண்டி, மலையடியில் ஒரு டீக்கடை வாசலில் அப்படித்தான் ஆயிற்று. காட்டுப்பாதையில் ஓட்டிப் பார்ப்பதற்காகவே வண்டி வாங்கியிருக்கிற பையன்கள் சிலர் குனிந்து உட்கார்ந்து, டயர் ஒவ்வொன்றிலும் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் உச்சியில் ஆரஞ்சு நிறப் பலகைகள், பக்கத்தில் மண்வெட்டி, பின்னால் சுருட்டிக் கட்டிய பட்டை நாடா, கைத்தடிமன் கொக்கிகள். மாட்டிக்கொண்டால் எது காப்பாற்றும் என்று அவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். கம்பியைச் சுற்றி வண்டியை இழுத்தெடுக்கிற விஞ்ச் இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்கிறான் ஒருவன். பலகை போதும் என்கிறான் இன்னொருவன். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எதையும் முழுசாகக் குடிக்கவோ எங்கேயும் முழுசாக உட்காரவோ எனக்கு வராது. எல்லாம் என் தம்பி ரத்தம் என்பாள் அம்மா.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்கு அவர் மாமா. நான் நைனா என்று கூப்பிடுகிற என் அப்பா அவருக்கு மாமா. வாசலில் யாராவது "மாமா" என்று கூப்பிட்டால் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு தலை எட்டிப் பார்க்கும். இரண்டு பேரும் சேர்ந்து ஏலத்தில் எடுத்த ஒரு ஜீப்பை ஓட்டினார்கள். கூரையில்லாத, கதவில்லாத, பிடிவாதம் மட்டும் நிறைய உள்ள ஜீப். தோப்புகளிலிருந்து மாங்காய், காட்டோரத்து ஊர்களிலிருந்து கல்யாணக் கூட்டம், பிரசவ வலி கண்ட பெண்கள் என்று ரோடு போகாத இடத்துக்கெல்லாம் அது போனது. பிறகு ரோடு போக ஆரம்பித்தது. தார் வந்தது, தார் வந்ததும் ஷேர் ஆட்டோ வந்தது, பளபளவென்று புதுப் புது கம்பெனி வேன்கள் வந்தன. ஜீப் வேப்பமரத்தடியில் நிற்கிற நாட்கள் அதிகமாயின. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வருவார், பானெட்டைத் திறப்பார், மூடுவார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

மாமாவுக்கும் ஒரு வழி திறந்தது. குவைத்தில் பல வருஷம் ஓட்டிவிட்டுத் திரும்பிய ஒருவர் திருப்பதியில் இருந்தார். எல்லோருக்கும் அவர் குவைத்காரர். அங்கே குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிற ஒரு முதலாளிக்கு, மணலில் ஓட்டத் தெரிந்த டிரைவர் வேண்டுமாம். தேர்ந்தெடுத்து அனுப்பும் பொறுப்பு இவருக்கு. பரீட்சை மிக எளியது. ஜீப்பை ஆற்று மணலில் அவரே புதைப்பார். மாமா அதை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கத் தேவையான சாமான்களை மாமாவே தேர்ந்து கொண்டுவர வேண்டும், அதுவும் பரீட்சையில் சேர்த்தி.

எடுத்தால் விசா, எடுக்காவிட்டால் வேப்பமரத்தடி. சின்னப் பிள்ளையாயிருந்த எனக்கும் அவ்வளவு தெரிந்திருந்தது. விசா என்றால் டேப் ரிக்கார்டரும் செண்டு பாட்டிலும் என்று கூடுதலாகவும் தெரிந்திருந்தது.

திருப்பதியில் பழைய இரும்புக் கடைகள் நெருக்கியடிக்கிற ஒரு சந்துக்குப் போனோம். கடைக்காரர் சங்கிலியைக் காட்டினார். நைனா தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். இரும்புக் கம்பிக் கயிறு காட்டினார்.

"இது அறுந்து வந்துச்சின்னா எதிர்ல நிக்கறவன ரெண்டாக்கிடும்," என்றார் நைனா. அவர் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார். கடைசியில் நைலான் கயிறு, என் மணிக்கட்டுத் தடிமன், கிளிப்பச்சை. இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்து, பிறகு வெடுக்கென்று சுண்டி இழுக்கும். நைனா ஒரு முனையையும் மாமா மறுமுனையையும் பிடித்துக் கடைக்குள்ளேயே இழுத்துப் பார்த்தார்கள். மாமா ஒரு எண்ணெய் டப்பாவில் போய் உட்கார்ந்தார்.

"இவ்ளோ நீட்டு இன்னாத்துக்குப்பா?" என்றார் கடைக்காரர்.

"ஊரே வந்து புடிக்கணும்ல?" என்றார் நைனா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த தெம்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பரீட்சை திருச்சானூருக்குப் பக்கத்தில், சுவர்ணமுகி ஆற்றில். ஆறு என்றால் மணல்தான். குவைத்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஜீப்பில் ஏறி, ஆக்ஸிலேட்டரை அழுத்தி அழுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அச்சு மணலைத் தொடுகிற வரை புதைத்துவிட்டு இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். மாமா கயிற்றை எடுத்து முன்பக்கச் சட்டத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோதே அது தொடங்கிவிட்டது.

கரையில் ஷேர் ஆட்டோக்கள் நின்றன. உள்ளே தாயாரைச் சேவிக்க வந்தவர்கள், புதுசாக மொட்டையடித்துச் சந்தனம் பூசியவர்கள். புதைந்த ஜீப்பை அவர்கள் பார்த்தார்கள். பார்த்ததும் இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கரையில் விட்டுவிட்டு மணலில் ஓடிவந்தார்கள். ஆட்டோ டிரைவர்கள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள், மொட்டைகள் பின்னால் தோள் கொடுத்தார்கள், நைனா நடுவில் நின்று கையை ஆட்டினார். "கோவிந்தா" என்று ஒரு குரல், "கோவிந்தா" என்று அத்தனை குரலும். ஜீப் முனகியது, நகர்ந்தது, பிள்ளைபோலத் தூக்கிக் கரையில் வைக்கப்பட்டது. யாரோ மாமாவின் கையில் லட்டு வைத்துவிட்டுக்கூடப் போனார்கள்.

மாமா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். குவைத்காரர் சிரிக்கவில்லை.

"யாருப்பா இவங்கள்லாம்?"

"தெரியாதுங்க."

"தெரியாதவங்க எதுக்குத் தள்றாங்க?"

அப்படி ஒரு கேள்வியை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. "வண்டி மாட்டிக்கிச்சேங்க," என்றார் நைனா, கடைசியில்.

குவைத்காரர் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்தப் பக்கம் வண்டில கட்டிட்ட. அந்தப் பக்கத்த யார் கைல குடுப்ப? அக்கட நுவ்வு ஒக்கடிவே. புரியுதா? அங்க நீ ஒருத்தன்தான். கட்றதுக்கு ஒரு மரம்கூட கெடையாது."

"நான் புடிச்சிக்கிறேன் மாமா!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மணலைப் பார்த்தார்.

அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டை போய்விட்டது.

மறுபடி அதே சந்து. இந்த முறை மாமாதான் தேர்ந்தெடுத்தார். நைனா ஒவ்வொரு சாமானையும் தொட்டு, "இதுக்கு அந்தாண்ட ஒரு ஆள் நிக்கணுமே," என்று முணுமுணுத்துத் திரும்ப வைத்தார். கை விஞ்ச் காட்டினார் கடைக்காரர். அதன் கொக்கியை எதில் மாட்டுவது? வேண்டாம். ஜீப்பைத் தூக்கும் ஜாக்கி இருந்தது, ஆனால் மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அதற்கு அடியில் போட ஒரு அகலமான மரப்பலகை. சீட்டுக்குக் கீழே நுழைகிற குட்டைப் பிடி மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் போட, மிலிட்டரி ஏலத்தில் வந்த ஓட்டை போட்ட இரும்புத் தகடுகள். காற்றைக் குறைத்துவிட்டு மறுபடி ஏற்ற ஒரு மிதி பம்பு. டயரிலிருந்து காற்றை இறக்கினால் அது ஒட்டகத்தின் பாதம்போல அகன்று மணல்மேல் மிதக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் வாசலில் காலையும் மாலையும் ஸ்ஸ்ஸ் என்ற சத்தம், பிறகு பம்பின் மூச்சிரைப்பு, பிறகு மறுபடி ஸ்ஸ்ஸ். கோழிகள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டன.

இரண்டாவது பரீட்சைக்கு ஆள் நடமாட்டமில்லாத இடமாக, நாராயணவனத்துக்கு அப்பால் ஆற்று மணலைத் தேர்ந்தார் குவைத்காரர். நைனாவுக்கு ஒரே வேலைதான், யாரையும் கிட்டே விடக் கூடாது. வெயில் உச்சியில் நின்றது. ஜீப் முன்பைவிட ஆழமாகப் புதைந்தது. குவைத்காரர் ஒரு பனைமரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார, மாமா மணலில் மண்டியிட்டார். காற்றை இறக்கினார். தோண்டினார். தோண்டிய குழியில் மணல் திரும்பச் சரிந்தது. மறுபடி தோண்டினார். பலகை மேல் ஜாக்கியை வைத்து ஏற்றி, சக்கரத்துக்கு அடியில் மணலைத் திணித்தார். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏறிய ஜீப் பொத்தென்று உட்கார்ந்தது. என்னோடு கரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள். "குந்து," என்றார் நைனா.

ஆளில்லாத இடம் என்று எங்கள் பக்கத்தில் ஒன்று கிடையாது. ஆடு மேய்க்கிற ஒருவர் வந்தார். மாட்டு வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். வண்டி புதைந்திருப்பதைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நைனா இரண்டு கையையும் விரித்து வழிமறித்தார்.

"யாரும் போக வேணாங்க."

"ஏம்பா? யாரு அது?"

"எம் மச்சான்."

மாட்டு வண்டிக்காரர் நைனாவை மேலும் கீழும் பார்த்தார். "மச்சான் மண்ணுல கெடந்து சாவறான், நீ வேடிக்க பாத்துக்கினு கீற? பொண்ணு குடுத்த எடத்துல இன்னா பங்காளிச் சண்டையா?"

"சண்டலாம் இல்லிங்க."

"ஏமய்யா, மனிஷிவேனா நுவ்வு?" என்றார் ஆட்டுக்காரர் தெலுங்கில். மனுஷன்தானா நீ.

நைனா விசா, குவைத், பரீட்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. எந்த ஊரில் யார் வண்டி சேற்றில் இறங்கினாலும் சோற்றை விட்டுவிட்டு ஓடுகிறவர், கையை விரித்தபடி வெயிலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வெட்கமாக இருந்தது. ஆட்டுக்காரரின் பக்கம் போய் நின்றுகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் மாமா நிமிர்ந்து உதட்டை நக்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். மண்வெட்டி இருந்தது, தகடு இருந்தது, பம்பு இருந்தது. தண்ணீர் இல்லை. அத்தனை பேரும் யோசித்து யோசித்துச் சேர்த்த சாமான்களில் தண்ணீர் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் எடுத்துப் போவதில்லை, எந்த வாசலில் நின்றாலும் ஒரு சொம்பு வரும்.

அம்மா பக்கத்துக் கொல்லையில் யாரிடமோ தண்ணீர் வாங்கி, சொம்போடு மணலில் இறங்கிவிட்டாள். நைனா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

"வுடுய்யா. எந் தம்பி."

"தெரியும். குடுத்தன்னா எல்லாம் போச்சு."

"போவட்டும். போனா இங்கியே கெடக்கறான்."

நைனா சொம்பைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா அவர் மார்பில் ஒரு குத்து விட்டாள், அவர் அசையவில்லை. அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவருக்கும் உதடு வெடித்திருந்தது. ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு மாமா தகடுகளைச் சக்கரத்துக்கு முன்னால் சொருகினார், இன்ஜினை எழுப்பினார், குழந்தையை எழுப்புகிற மாதிரி மெல்ல கிளட்சை விட்டார். ஜீப் தகட்டின் மேல் ஏறியது. நின்றது. யோசித்தது. பிறகு மிதந்தாற்போல் கெட்டி மண்ணுக்கு வந்து சேர்ந்தது. கோவிந்தா போட யாருமில்லை. மாமா கீழே இறங்கி, குவைத்காரரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாததால் தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

குவைத்காரர் குடையை மடக்கினார். "மொதல்ல தண்ணி. அப்புறம்தான் இந்த இரும்பெல்லாம்," என்றார். பிறகு, "பாஸ்போர்ட்ட எடுத்துக்கினு வா," என்றார்.

பம்பாய் ரயில் ரேணிகுண்டாவில் நிற்கும். பெட்டியை ஏற்றிவிட்டோம், மாமா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுது முடித்திருந்தாள். டேப் ரிக்கார்டர் ஆசையெல்லாம் ஸ்டேஷன் படியேறும்போதே என்னை விட்டுப் போயிருந்தது. மாமா வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. ரயில் கிளம்ப நேரமிருந்தது. எங்களில் யாரும் ரயில் கண்ணை விட்டு மறையாமல் பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்த வழக்கமே இல்லை. நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மாமா அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். நைனா உடனே திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். நான் திமிறினேன், காலை ஊன்றினேன், படிக்கட்டு வரை அழுதேன். மாமா திரும்பி வர என்ன செய்ய வேண்டுமென்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே, அது எவ்வளவு சின்ன வேலை, அதைக்கூடச் செய்யாமல் இந்த மனிதர் ஏன் இப்படி ஓடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. மாமா சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது.

"நிக்காத மாமா, போ. நீ நின்னா நான் எறங்கிடுவேன்."